கொக்கிக்கு வெளியே

வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பேராசைப்படாதே... சொல்றேன்ல, பேராசைப்படாதே" என்று முணுமுணுத்தபடி விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருக்கிறார் எங்கள் மேடம். பக்கத்து மேசைக்காரனான எனக்கு இது பழகிப்போன பாட்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்தான் தங்களைச் சொல்கிறாரோ என்று திடுக்கிட்டு, கையில் எடுத்த இரண்டாவது பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுவார்கள்.

அவர் அதட்டுவது மனிதர்களை அல்ல. எங்கள் அலுவலகத்தில் அச்சுப் புத்தகங்கள் கைபேசியில் படிக்கிற புத்தகங்களாக உருமாறுகின்றன. படிக்கிறவர் கண்ணுக்குக் கதை மட்டும் தெரியும். அதற்கு அடியில், இது தலைப்பு, இது சாய்வெழுத்து, இந்த இடத்தில் படம் என்று கணினிக்குச் சொல்கிற குறிப்புகள் வரிக்கு வரி செருகியிருக்கும். ஒவ்வொரு குறிப்பையும் இரண்டு கூர்முனை அடைப்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த அடைப்புக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கொக்கி. கொக்கிக்குள் இருப்பது கணினிக்கு, வெளியே இருப்பது மனிதருக்கு. இந்தக் காட்டுக்குள் புகுந்து குறிப்பிட்ட சொற்களைப் பிடித்து வருவதுதான் அவருடைய வேலை.

பிடிப்பதற்கு அவர் வைத்திருக்கும் கருவியைப் பேட்டர்ன் என்கிறார். இப்படித் தொடங்கி, நடுவில் எது இருந்தாலும் பரவாயில்லை, இப்படி முடிகிற எதையும் கொண்டு வா என்று புள்ளியும் நட்சத்திரமும் சதுர அடைப்புமாக ஒரு வரி எழுதுவார். பார்ப்பதற்கு யாரோ தூக்கக் கலக்கத்தில் விசைப்பலகை மேல் கன்னத்தை வைத்ததுபோல இருக்கும். ஆனால் வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால், சரியாக அடக்கி வைக்காத பேட்டர்ன் முதல் கொக்கியைப் பிடித்ததும் அடுத்ததோடு நிற்காது. அந்த வரியின் கடைசிக் கொக்கி வரைக்கும் நடுவில் உள்ள கதையையும் சேர்த்து வாரிச் சுருட்டிக்கொள்ளும். "சாப்பிட உக்கார வச்சா பாத்திரத்தையும் சேர்த்து முழுங்கற ரகம் இது" என்பார். ஒரு கேள்விக்குறியைப் பின்னால் போட்டால் அடங்கிவிடுமாம். போட்டபின் நாற்காலியில் சாய்ந்து, "இப்ப சமத்து" என்று பாராட்டுவார். மனிதர்களில் யாரையும் அவர் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் தேநீர் எடுத்து வருகிற அம்மாளிடம், "சல்லடைக்குச் சர்க்கரை வேணாம்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவரே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் சுவாரசியம் போய்விட்டது; பழக்கத்தில் மட்டும் தொடர்கிறது.

ஐம்பதை நெருங்குகிற வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவார். கிட்டே போனால் படிக்கத் தோன்றிவிடுமாம். தன் கையில் வந்து போன நூற்றுக்கணக்கான புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்பதை அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். "படிக்கிறவங்க கதைக்குள்ள போயிடுவாங்க. போனா தப்பு தெரியுமா? நான் தேடறவ. எனக்குக் கதை எதுக்கு?" ஒரு துப்பறியும் நாவலில் கொலைகாரனின் பெயரைப் புத்தகம் முழுக்க மாற்றிக் கொடுத்திருக்கிறார். அவன் கொலைகாரன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இந்தத் தொழில் வீடு வரைக்கும் போயிருக்கிறது. வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எதையாவது எங்கேயாவது வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடுவார். இவர் ஒரு வாய் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே விசாரிப்பார். "எங்க வச்சேன்னு யோசிக்காதீங்க. எங்க இல்லன்னு சொல்லுங்க. சட்டைப் பையில இல்ல, சரி. வண்டியில இல்ல, சரி. அப்ப குளிர்சாதனப் பெட்டி மேல பாருங்க." அங்கேதான் இருக்கும். கல்லூரிக்குப் போகிற மகள் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "அம்மாகிட்ட பொய் சொல்லலாம் அங்கிள். ஆனா அதே மாதிரி பொய்யை ரெண்டாவது தடவை சொல்ல முடியாது, பிடிச்சிடுவாங்க."

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. கொக்கிக்குள் கை வைக்கக் கூடாது. இது சும்மா வந்த சட்டம் அல்ல, அடிபட்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தைகளுக்கான ஒரு விலங்குப் புத்தகத்தில் புலி என்பதையெல்லாம் வேங்கை என்று மாற்றச் சொன்னார்கள். இவர் ஒரே தட்டில் மாற்றிவிட்டார். கொக்கிக்குள் இருந்த படங்களின் பெயரிலும் புலி இருந்தது, அதுவும் வேங்கையாகிவிட்டது. வேங்கை என்ற பெயரில் எந்தப் படமும் இல்லாததால், புத்தகத்தைத் திறந்த பிள்ளைகளுக்குப் புலி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் கிடைத்தது. அன்று வாங்கிய வசவில் அவர் எழுதிய ஒரு துண்டுப் பேட்டர்னை இன்றுவரை எல்லாத் தேடலுக்கும் முன்னால் ஒட்டிக்கொள்கிறார். கொக்கிக்குள் இருப்பதைக் கண்டுகொள்ளாதே என்று அதற்கு அர்த்தம். அதை எழுதியபின் ஒரு படம்கூடக் காணாமல் போனதில்லை.

போன மாதம் ஒரு புத்தகம் வந்தது. கணவனிடம் அடிபட்டு வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்குகிற காப்பகம் ஒன்று, அவர்களை அவரவர் கதையைச் சொல்ல வைத்துத் தொகுத்திருந்தது. நூலகங்கள் வழியாக யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதில் வருகிற ஒரு தையல்காரப் பெண்ணின் பெயரை முழுக்க எடுத்துவிட்டு வேறு பெயர் போட வேண்டும் என்று கடைசி நேரத்தில் தகவல் வந்தது. மற்றவர்களுக்கு முன்பே மாற்றியாயிற்று. இந்தத் தையல்காரப் பெண் மட்டும் தன் பெயரிலேயே வரட்டும் என்று தைரியமாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய கணவன் இன்னும் தேடிக்கொண்டிருப்பது தெரியவந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் மாறி வந்தவர் அவர். கைபேசியில் அந்தப் பெயரைத் தட்டினால் புத்தகம் வந்து நிற்கும், புத்தகத்தைப் பிடித்தால் காப்பகத்தைப் பிடித்துவிடலாம். அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

சல்லடை இந்த வேலையைச் செய்த விதத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, வித்தைதான். பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிற வேற்றுமை வால்களையெல்லாம் கணக்கில் எடுத்தார். வேறு சொற்களின் வயிற்றுக்குள் அந்த எழுத்துகள் வந்தால் தொடாதே என்று வேலி போட்டார். அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காக அதை மட்டும் கொக்கி போட்டுத் தனியே பிரித்து வைத்திருந்தார்கள். பெயர் அங்கே இரண்டு துண்டாகக் கிடந்தது. அதையும் பிடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இதை உங்க கண்ணு பிடிச்சிருக்குமா?" என்றார். பிடித்திருக்காது என்றேன். கடைசியாக ஒருமுறை தேடினார். பூஜ்யம் என்று வந்தது. வளையல்களைக் கீழே இறக்கிவிட்டார். வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

புத்தகம் நூலகங்களுக்குப் போக வேண்டிய அன்று காலையில் அந்தத் தையல்காரப் பெண்ணே வந்துவிட்டார். முப்பது வயது இருக்கலாம். துணிப்பை ஒன்றை மடியில் வைத்து அதற்குள் வலது கையை விட்டபடி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "ஒரு தடவ பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். எங்கள் பதிப்பாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் எதையும் எல்லாருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிற சுபாவம் உள்ளவர். "கவலையே படாதீங்க. எங்க மேடம் கையில போனா தூசிகூடத் தப்பாது."

சல்லடை திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா. உங்க பேரைப் போட்டுத் தேடறேன். பூஜ்யம்னு வருதா?"

"எனக்கு அவ்வளவா படிக்க வராதுக்கா" என்றார் அந்தப் பெண். "போனே வாசிச்சுக் காட்டும்ல, அதுல போட்டுக் கேட்டுக்கறேன்."

அவருடைய கைபேசியில் புத்தகத்தை ஏற்றிக் கொடுத்தோம். ஜன்னலோரம் போய் நின்று காதில் வைத்துக்கொண்டார். நான் ஏதோ அட்டைப்படத்துக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிப்பாளர் நூலகக்காரர்களிடம் மாலைக்குள் வந்துவிடும் என்று தொலைபேசியில் உறுதி சொல்லிக்கொண்டிருந்தார். சல்லடை அடுத்த புத்தகத்துக்குப் போயிருந்தார்.

"அக்கா, பேரு சொல்லுது."

"எந்தப் பேரும்மா? புதுப் பேரா?"

"என் பேரு."

"இருக்காதே" என்றார் சல்லடை. கோபமில்லை; இரண்டும் இரண்டும் ஐந்து என்று யாரோ சொன்னால் சொல்கிற குரல். அந்தப் பெண் வாசிப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒலியைக் கூட்டி, கைபேசியை மேசைமேல் வைத்தார். ரயில் நிலைய அறிவிப்பு போன்ற குரல். அவருடைய அத்தியாயத்தின் நடுவில் ஒரு கணம் நிறுத்தி, "படம்" என்றது. பிறகு அந்தப் பெயரை, எழுத்து சிதையாமல், அழகாக உச்சரித்தது.

கண் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்கம் எழுதி வைப்பது வழக்கம். திரையில் அது தெரியாது. கைபேசி வாசித்துக் காட்டும்போது மட்டும், படம் வருகிற இடத்தில் அதைச் சொல்லும். அந்த விளக்கம் இருக்கிற இடம் கொக்கிக்குள்.

சல்லடை கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு திரைக்கு அருகே போனார். அப்படி அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நான்தான் கொக்கிக்குள்ள பார்க்காதேன்னு சொன்னேன். அது பார்க்கல" என்றார். யாருக்கும் பதிலாக அல்ல, தனக்குத்தானே.

அந்தத் துண்டுப் பேட்டர்னைக் கழற்றிவிட்டுத் தேடினார். படத்தின் விளக்கத்தில், படத்தின் கோப்புப் பெயரில், பொருளடக்கத்திலிருந்து அத்தியாயத்துக்குத் தாவுகிற இணைப்பில் என்று அந்தப் பெயர் வந்து வரிசையாக நின்றது. புலிக் கதை மறுபடி நடக்காதபடி ஒவ்வொன்றையும் கையால் மாற்றினார். படத்தின் பெயரை மாற்றிய கையோடு படத்தையும் அதே பெயருக்கு மாற்றினார். வியர்த்திருந்தது. குளிரூட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இப்பக் கேளுங்கம்மா."

அந்தப் பெண் மறுபடி கேட்டார். "படம். தையல் இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண் குனிந்திருக்கிறார். வலது கையில் சுண்டுவிரல் இல்லாவிட்டாலும் அவருடைய தையல் நேராக இருக்கிறது." படத்தில் கைகள் துணிக்கு அடியில் இருந்தன; விரல் எதுவும் தெரியாது. விளக்கம் எழுதியவர் காப்பகத்தில் உதவிக்கு வருகிற யாரோ. நேரில் பார்த்துப் பழகிய பிரியத்தில் எழுதியிருக்கிறார்.

"பேரு இல்ல. ஆனா இது..." என்றார் அந்தப் பெண்.

"பேரு வரலையேம்மா" என்றார் பதிப்பாளர். "சுண்டுவிரல் இல்லாதவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க."

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. சல்லடையைப் பார்த்துத்தான் சொன்னார். "அந்த விரல் எப்படிப் போச்சுன்னு அந்த ஆளுக்குத் தெரியும்க்கா. அருவாமணை அந்த ஆளு கையிலதான் இருந்துச்சு."

பதிப்பாளர் உட்கார்ந்துவிட்டார். துணிப்பைக்குள் அந்தக் கை காலையிலிருந்து ஏன் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சல்லடை வளையல்களை ஏற்றிக்கொண்டு தேடும் பெட்டிக்குப் போனார். அதற்குள் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன, எதையும் தட்டவில்லை. எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். அந்தப் பெட்டியின் முன்னால் அவர் திகைத்து நான் பார்த்ததில்லை.

"விரல்னு போட்டுத் தேடிட வேண்டியதுதானே மேடம்" என்றார் பதிப்பாளர், மெதுவாக.

தேடினார். தையல் சொல்லிக்கொடுக்கிற புத்தகம்போல விரல் கொட்டியது. விரலில் ஊசி குத்தியது, குழந்தை விரலைப் பிடித்தது, மாமியார் விரலை நீட்டிப் பேசியது. "இதுல எது இவங்களுதுன்னு இதுக்கு எப்படி சார் தெரியும்?" என்றார். "அதுவும் விரல் மட்டுமா? அந்த ஆளுக்கு இவங்களப் பத்தி வேற என்னென்ன தெரியும்? இதுக்குப் பேட்டர்ன் போட என்னால ஆகாது."

பிறகு அவர் எழுந்தார். என்னிடம், "தம்பி, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றார். என் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்த் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு இயர்போனை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, ஒரு முனையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். மற்றதைத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"உக்காரும்மா. முதல் பக்கத்திலேர்ந்து கேப்போம். எங்க உறுத்துதோ அங்க மேசையத் தட்டு. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

"மேடம், சாயங்காலம் அனுப்பறதா எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றார் பதிப்பாளர்.

"இன்னைக்குப் போகாது. சொன்ன எல்லாருக்கும் இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் மதியம் முழுவதும் நின்றுகொண்டும் ஜன்னல் திட்டில் சாய்ந்துகொண்டும் வேலை பார்த்தேன். எனக்குக் குரல் கேட்கவில்லை. அவர்களுடைய முகங்களைத்தான் பார்க்க முடிந்தது. சில இடங்களில் அந்தப் பெண் மேசையைத் தட்டுவார். சல்லடை நிறுத்துவார், ஒரு வரியை எடுப்பார், அல்லது ஒரு சொல்லை மாற்றுவார். ரயில் பாலத்துக்குக் கீழே உள்ள கூடம் என்பது வெறும் கூடமாயிற்று. அந்தப் பெண்ணின் மகளுடைய பள்ளிச் சீருடையின் நிறம் போயிற்று. வேறொரு பெண்ணின் அத்தியாயத்தில், ஒன்பது விரலால் எனக்குத் தையல் கற்றுக்கொடுத்தவள் என்று ஒரு வரி நன்றியோடு வந்ததாம். அந்த இடத்தில் அந்தப் பெண் உடனே தட்டவில்லை. கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் தட்டினார்.

நடுவில் ஒருமுறை சல்லடை தானாகவே நிறுத்திவிட்டார். யாரும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இருபக்கமும் அழுத்திக்கொண்டு, "அப்புறம் பிள்ளை கிடைச்சுதா?" என்று கேட்டார். கதையைத்தான் கேட்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "இப்ப என்கூடத்தான் இருக்கா. பள்ளிக்கூடம் போயிருக்கா" என்றார். சல்லடை தலையாட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டார்.

பள்ளி விடுகிற நேரத்துக்கு முன்னால் முடிந்தது. அந்தப் பெண் இயர்போன் முனையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இப்ப இது யாரோ ஒருத்தியோட கதை மாதிரி இருக்குக்கா" என்றார். நல்லது என்ற தொனியில்தான் சொன்னார், ஆனாலும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, வந்த வழியில் போகாமல் பின்பக்கப் படிக்கட்டு எங்கே என்று என்னிடம் கேட்டு, அந்த வழியாக இறங்கிப் போனார்.

சல்லடை காப்பகத்தின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "பேரை மாத்தினா போதும்னு நினைச்சேன். போதாது. மத்தவங்களும் வந்து அவங்கவங்க காதால கேக்கணும். ஒவ்வொருத்தரா அனுப்புங்க. நாளைக்கே அனுப்புங்க, நான் இருக்கேன்." அந்தப் பக்கம் ஏதோ தயங்கியிருக்க வேண்டும். "புத்தகம் காத்திருக்கும்மா. அவங்க சரின்னு சொல்லாம இங்கேர்ந்து நகராது" என்று சொல்லி வைத்தார்.

எனக்குக் கால் கடுத்துவிட்டது. வேலைதான் முடிந்துவிட்டதே என்று என் நாற்காலியை எடுத்துக்கொள்ளப் போய் முதுகுப்பக்கத்தில் கை வைத்தேன். சல்லடை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் அடுத்த பெண்ணின் அத்தியாயத்தைத் திறந்துகொண்டே, இடது கையை நீட்டி, காலியாக இருந்த அந்த இருக்கையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.